இரண்டு வருடத்துக்கு ஒரு வாய்தா: டாக்காவுக்கு விண்ணப்பிக்கலாமா, வேண்டாமா?

2012 ஆகஸ்ட் 19

சிறு வயதில் அமெரிக்கா வந்து, இப்போது சட்டப்படியான அந்தஸ்து இல்லாதவர்களை நாடு கடத்துவதை ஒத்திவைத்து, வேலை செய்யவும் அனுமதிக்கும் ஒபாமாவின் புதுத் திட்டம்தான் டாக்கா. அதைப் பற்றி வாசகி ஒருவர் கேட்டது:

"தம்பி, நாங்கள் அமெரிக்கா வந்தது 2006-இல். 2009-இல் இவருக்கு வேலை போனது, எச்-1பி வேலை விசாவும் போனது. ஊர் திரும்பவில்லை. பெரியவனுக்கு 17, சின்னவனுக்கு 6. இந்தப் புதுத் திட்டத்துக்கு விண்ணப்பம் போட்டால், இந்த வீட்டில் நாலு பேர் இருக்கிறோம், வந்து அள்ளிக்கொண்டு போங்கள் என்று நாமே முகவரி எழுதிக் கொடுத்ததுபோல் ஆகாதா? இவர் வேண்டவே வேண்டாம் என்கிறார்."

போடுங்கள் அக்கா. முகவரி அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. எச்-1பி மனுவில் இருக்கிறது, வரிப் படிவத்தில் இருக்கிறது, பையனின் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. ஒளிந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பது நாம் மட்டும்தான். நானும் போடப்போகிறேன். பயப்பட ஒன்றும் இல்லை.

2012 ஆகஸ்ட் 20

நேற்று அவசரத்தில் எழுதினேன். நான் யாரென்று சொன்னால்தான் என் பேச்சுக்கு என்ன மதிப்பு என்று உங்களுக்குத் தெரியும். 1999-இல் எட்டு வயதில் கும்பகோணத்திலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்தவன். அப்பாவுக்கு எச்-1பி, அம்மா, நான், கைக்குழந்தையாக இருந்த தங்கை மூவருக்கும் அவரைச் சார்ந்த எச்-4 விசா. டாட்காம் சரிவில் 2002-இல் அப்பாவின் கம்பெனியை மூடிவிட்டார்கள். 2003-இல் எங்கள் ஐ-94, அதாவது எதுவரை தங்கலாம் என்று சொல்லும் குடிவரவுத் தாளின் தேதி முடிந்தது. "இன்னும் ஆறு மாசம் பார்ப்போம்" என்றார் அப்பா. அந்த ஆறு மாதம் இன்னும் முடியவில்லை. அவர் மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறார், அம்மா இட்லி மாவு அரைத்து விற்கிறாள், எனக்கு இப்போது 21.

ஊரில் மாமாவுக்குப் போன் செய்து "டாக்கா கிடைக்கப்போகிறது" என்று அம்மா சொன்னாள். "பங்களாதேஷுக்கு எதுக்குடி போறீங்க?" என்று பதறிவிட்டார்.

2012 ஆகஸ்ட் 22

நிபந்தனைகளை நாலு தடவை படித்துவிட்டேன். எல்லாம் தேதிக் கணக்குதான். 2012 ஜூன் 15 அன்று 31 வயது நிரம்பியிருக்கக் கூடாது. பதினாறாவது பிறந்தநாளுக்கு முன் இங்கே வந்திருக்க வேண்டும். 2007 ஜூன் 15 முதல் தொடர்ந்து இங்கேயே வசித்திருக்க வேண்டும். 2012 ஜூன் 15 அன்று உடம்போடு இந்த மண்ணில் இருந்திருக்க வேண்டும். அதே நாளில் சட்டப்படியான அந்தஸ்து இல்லாமலும் இருந்திருக்க வேண்டும். படிப்பில் இருக்க வேண்டும், அல்லது ஹைஸ்கூலோ அதற்குச் சமமான ஜிஇடி தேர்வோ முடித்திருக்க வேண்டும், அல்லது ராணுவத்திலிருந்து நல்லபடி விடுபட்டிருக்க வேண்டும். பெரிய குற்றம் எதிலும் தண்டனை இருக்கக் கூடாது.

உங்கள் பெரியவன் எல்லாவற்றிலும் தேறுகிறான் அக்கா. சின்னவன் ஒரு வயதில் வந்தவன், அவனும் தேறுவான், ஆனால் விண்ணப்பிக்க 15 வயது ஆக வேண்டும். அதாவது 2020 கடைசி. எட்டு வருடம்தானே, கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும்.

பெயரைக் கவனியுங்கள்: 'டிஃபர்டு ஆக்‌ஷன்', அதாவது ஒத்திவைத்த நடவடிக்கை. விசா இல்லை, அந்தஸ்தும் இல்லை. 'உங்களை நாடு கடத்தும் நடவடிக்கையை இரண்டு வருடத்துக்கு ஒத்திவைத்திருக்கிறோம்', அவ்வளவுதான். அம்மாவுக்கு விளக்கியபோது ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்: "வாய்தா." தாத்தா நிலத் தகராறில் 19 வருடம் கோர்ட்டுக்கு அலைந்தவர். இந்த வார்த்தை எங்கள் வீட்டில் பழசு.

2012 செப்டம்பர் 3

ஆதாரம் சேர்க்கிறேன். எங்கள் வீட்டில் ஒரு சிவப்பு விஐபி பெட்டி உண்டு. 1999-இல் விமானத்தில் வந்தது, ஒரு பூட்டு உடைந்திருக்கும். வருகிற காகிதம் எதையும் அம்மா தூக்கிப்போட மாட்டாள், எல்லாம் அதற்குள் போகும். எத்தனை தடவை கிண்டல் செய்திருக்கிறேன்! நேற்று தரையில் கொட்டினோம். தடுப்பூசி அட்டை, ஆறாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், 2008-இல் பல் பிடுங்கிய ரசீது, தமிழ்ப் பள்ளியில் குறள் ஒப்பித்து இரண்டாம் பரிசு வாங்கிய சான்றிதழ். பரிசுக்கு அன்று வெட்கப்பட்டேன், நேற்று கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

ஒரு பொந்து இருக்கிறது. 2009 ஜூனில் ஹைஸ்கூல் முடித்தேன். கல்லூரியில் வெளிமாநிலத்தவர் கட்டணம் கேட்டார்கள், அப்பாவிடம் இல்லை. 2011 ஜனவரியில்தான் சமுதாயக் கல்லூரியில் சேர்ந்தேன். இடையில் ஒன்றரை வருடம் ஓர் உணவகத்தின் பின்கட்டில் பாத்திரம் தேய்த்தேன். கையில் காசாகக் கொடுத்ததால் ஒரு காகிதம்கூட இல்லை. அந்தக் காலத்தை எப்படிக் காட்டுவது?

2012 செப்டம்பர் 9

வழி கிடைத்தது. அதே காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு அ, ஆ எழுதக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வருகைப் பதிவேட்டில் வாராவாரம் என் கையெழுத்து இருக்கிறது. அதோடு, என்னை அறிந்த இருவர் பிரமாண வாக்குமூலம் தரலாம். ஆனால் அது இடைவெளியை அடைக்க மட்டும்தான் உதவும். வயதையோ படிப்பையோ வாக்குமூலத்தால் நிரூபிக்க முடியாது.

சம்பளச் சீட்டைக் காட்டினால் அனுமதியில்லாமல் வேலை பார்த்தது தெரிந்துவிடுமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆதாரமாக ஏற்கும் காகிதங்களின் பட்டியலிலேயே சம்பளச் சீட்டும் இருக்கிறது. பயப்பட வேண்டியது வேறு: வேலைக்குச் சேரும்போது ஐ-9 படிவத்தில் 'அமெரிக்கக் குடிமகன்' என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தால், ஒரு அடி எடுத்து வைக்காமல் முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள். அது வேறு ரகம்.

2012 செப்டம்பர் 16

பெயர்ப் பஞ்சாயத்து. தமிழனுக்கு ஏது குடும்பப் பெயர்? என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலி. விசா அடித்தவர்கள் என் பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டு, முதல் பெயருக்கு 'எஃப்என்யு' என்று அடித்துவிட்டார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு அது தெரியாது. ஒரு வருடம் முழுக்க என்னை "ஃப்னூ" என்று கூப்பிட்டார். தங்கைக்கு அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டதால் காகிதப்படி நாங்கள் இருவரும் வேற்று மனிதர்கள்.

படிவத்தில் 'பயன்படுத்திய பிற பெயர்கள்' என்று ஓர் இடம் இருக்கிறது. தயங்காமல் எல்லாவற்றையும் எழுதுங்கள், இனிஷியல் முன்னால் போட்டது, பின்னால் போட்டது உட்பட. நான் ஃப்னூவையும் எழுதினேன்.

பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருந்தால் முழு மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்த்தவர், இரண்டு மொழியும் தெரியும், செய்தது சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நோட்டரி முத்திரை கட்டாயமில்லை. தமிழ்ப் பள்ளி ஆசிரியை செய்து கொடுத்தார். "நகராட்சி முத்திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று கடவுளுக்கே தெரியாது, 'முத்திரை, படிக்க இயலவில்லை' என்று போட்டுவிடுகிறேன்" என்றார். அப்படியே போட்டார். யாரும் கேட்கவில்லை.

2012 அக்டோபர் 2

திருத்தம். 'அந்தஸ்து போய்விட்டது என்றால் தகுதி உண்டு' என்று ஒருவருக்குத் தனியாகப் பதில் சொல்லியிருந்தேன். அவர் வந்தது அம்மாவின் எஃப்-1 மாணவர் விசாவைச் சார்ந்த எஃப்-2-வில். அவர் ஐ-94-இல் தேதியே இருக்காது, 'டி/எஸ்' என்றுதான் இருக்கும். படிப்பு நடக்கும் காலம் வரை என்று பொருள். அம்மா படிப்பை விட்டதாலேயே அந்தஸ்து முடிந்ததாகக் கணக்கில்லை. 2012 ஜூன் 15-க்குள் குடிவரவு நீதிமன்றம் முடித்திருக்க வேண்டும், அல்லது மாணவர் பதிவுக் கணினியில் முடிந்ததாகப் பதிவாகியிருக்க வேண்டும். என் தவறு. ஐ-94-இல் தேதி இருக்கிறதா, எழுத்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

2012 அக்டோபர் 20

அனுப்பிவிட்டேன். டாக்காவுக்கான படிவம் ஐ-821டி, வேலை அனுமதிக்கான ஐ-765, ஏன் வேலை தேவை என்று சொல்லும் ஐ-765டபிள்யூஎஸ், 214 பக்க ஆதாரம், 465 டாலருக்கு மணி ஆர்டர்.

2012 நவம்பர் 11

திரும்பி வந்துவிட்டது. கட்டணம் தவறாம். மணி ஆர்டர் எடுத்ததும் படிவங்களை அடுக்கிக் கொடுத்ததும் எங்கள் பக்கம் வரி போட்டுக் கொடுக்கும் ஒருவர். அதற்கு 600 டாலர் வாங்கினார். மணி ஆர்டரில் 456 என்று இருக்கிறது. இலக்கம் இடம் மாறிவிட்டது. ஒன்பது டாலருக்கு மூன்று வாரம் போச்சு. "சின்ன மிஸ்டேக்தானே தம்பி" என்கிறார். இரவல் வாங்கிய 600 அது.

இனி நானேதான். வழக்கறிஞர் வேண்டுமென்றால் உண்மையான வழக்கறிஞரிடம் போங்கள். பல ஊர்களில் சட்டக் கல்லூரி மாணவர்கள் சனிக்கிழமை முகாம் நடத்துகிறார்கள். அங்கே இலவசமாகவே சரிபார்த்துக் கொடுத்தார்கள்.

2013 ஜனவரி 8

பயோமெட்ரிக்ஸ். பத்து விரல் ரேகை, போட்டோ, கையெழுத்து. மெஷினில் என் ரேகை விழவில்லை. கட்டைவிரலை மூன்று தடவை துடைத்துவிட்டார் அந்தப் பெண். "பாத்திரம் கழுவும் வேலையா?" என்று கேட்டார். நான் வாயே திறக்கவில்லை. ஒரு சொட்டு லோஷன் கொடுத்துத் தேய்க்கச் சொன்னார், பிறகு விழுந்தது. ரேகை தேய்ந்தவன் என்று எழுதிக்கொண்டிருப்பாரோ என்று இரவு முழுக்கத் தூங்கவில்லை. வெறும் அக்கறையாகவும் இருந்திருக்கலாம்.

2013 மார்ச் 14

கூடுதல் ஆதாரம் கேட்டுக் கடிதம். 2012 ஜூன் 15 அன்று நீ இங்கேதான் இருந்தாய் என்பதற்கு என்ன அத்தாட்சி? 87 நாள் அவகாசம்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை, கல்லூரி விடுமுறை. வீட்டில் படுத்துத் தூங்கியிருப்பேன். தூங்கியதற்கு யார் ரசீது கொடுப்பார்கள்? அம்மா உடனே பெட்டியைத் திறந்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். அதே தேதியில் அர்ச்சனைச் சீட்டு, என் பெயருக்கு, நட்சத்திரம் உட்பட! வீடே துள்ளிக் குதித்தது.

முகாமில் பார்த்த வழக்கறிஞரிடம் காட்டினேன். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதற்கு நீ நேரில் போக வேண்டுமா?" என்றார். வேண்டாம். பெயரும் நட்சத்திரமும் போதும், ஆள் எந்தக் கண்டத்தில் இருந்தாலும் சாமிக்குக் கவலை இல்லை. "அப்படியானால் அரசாங்கத்துக்கும் இது போதாது" என்றார்.

2013 மார்ச் 30

அந்த நாளுக்கே ஆதாரம் இல்லாவிட்டால், அதற்குச் சற்று முன்னும் சற்றுப் பின்னும் இங்கே இருந்ததைக் காட்டினால் போதும் என்று குடிவரவுத் துறையான யூஎஸ்சிஐஎஸ் தன் கேள்வி-பதிலிலேயே சொல்லியிருக்கிறது. ஜூன் 12-இல் நூலகத்தில் அபராதம் கட்டிய ரசீது, ஜூன் 19-இல் வங்கி இயந்திரத்தில் 40 டாலர் எடுத்த பதிவு. இரண்டையும் அனுப்பினேன். அர்ச்சனைச் சீட்டையும் அம்மா கெஞ்சியதால் நடுவில் சொருகினேன்.

2013 ஜூலை 2

வந்துவிட்டது. இந்த மாதத்திலிருந்து இரண்டு வருடம். வேலை அட்டையில் டாக்காவுக்கான குறியீடு 'சி33'. அர்ச்சனைச் சீட்டால்தான் என்று அம்மா சொல்கிறாள், நான் மறுக்கவில்லை.

சமூகப் பாதுகாப்பு எண் அட்டையும் வாங்கினேன். உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அனுமதி இருந்தால் மட்டுமே வேலைக்குச் செல்லும் என்று அட்டையிலேயே அச்சடித்திருக்கிறார்கள். பரவாயில்லை. 22 வயதில் கார் லைசென்ஸ் எடுத்து, கடைசியில் அப்பாவை உட்கார வைத்து நான் ஓட்டினேன். பத்து வருடமாக நெடுஞ்சாலையில் 50 மைலுக்கு மேல் போகாதவர், "கொஞ்சம் வேகமாத்தான் போயேன்" என்றார்.

2015 பிப்ரவரி 20

நவம்பரில் ஒபாமா அறிவித்தபோது எங்கள் வீட்டில் பாயசம். டாக்கா மூன்று வருடம் ஆகும், பெற்றோருக்கும் டாபா என்று ஒன்று வரும் என்றார்கள். நான்தான் அவசரப்பட்டு வீட்டில் சொல்லிவிட்டேன். டாபா கேட்க, குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள பிள்ளை வேண்டும். நாங்கள் இருவருமே கும்பகோணத்தில் பிறந்தவர்கள், ஆக அப்பா அம்மாவுக்கு அதில் ஒன்றும் இல்லை. அதையும் இந்த வாரம் டெக்சாஸில் நீதிபதி ஹேனன் நிறுத்திவிட்டார்.

2015 ஜூலை 25

புதுப்பித்தலில் நான் செய்த முட்டாள்தனம், நீங்கள் செய்யாதீர்கள். முடிவதற்கு 150 முதல் 120 நாளுக்கு முன் அனுப்பச் சொல்கிறார்கள். நான் 95-ஆம் நாள் அனுப்பினேன். போதாக்குறைக்கு நடுவில் வீடு மாறினேன். தபால் நிலையத்தில் புது முகவரி கொடுத்தாயிற்று என்று இருந்துவிட்டேன். குடிவரவுத் துறைக் கடிதங்களைத் தபாலில் மடைமாற்ற மாட்டார்கள், அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். வீடு மாறிய பத்து நாளுக்குள் முகவரி மாற்றப் படிவம் ஏஆர்-11 போட வேண்டும். பழைய அட்டை முடிந்து 19 நாள் கழித்துப் புதுசு வந்தது. அந்த 19 நாளும் கம்பெனியில் சம்பளமில்லாமல் உட்கார வைத்தார்கள். மேனேஜர் நல்லவர், ஆனால் "இவ்வளவு நாளாக உனக்கு பேப்பர் இல்லையா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்.

2017 செப்டம்பர் 6

நேற்று டிரம்ப் அரசின் அட்டர்னி ஜெனரல் ஜெஃப் செஷன்ஸ் அறிவித்துவிட்டார். டாக்கா திட்டம் முடிகிறது. 2018 மார்ச் 5-க்குள் முடிகிற அட்டைகளை மட்டும் கடைசியாக ஒருமுறை புதுப்பிக்கலாம், அதுவும் அக்டோபர் 5-க்குள் போய்ச் சேர வேண்டும்.

தங்கையின் அட்டை முடிவது மார்ச் 7.

2017 செப்டம்பர் 8

இரண்டு நாள். அவள் 15 நிரம்பியதும் போட்ட விண்ணப்பம், 2014 மார்ச்சில் வந்தது. அன்றைக்கு அந்த அதிகாரி இரண்டு நாள் முன்னால் கையெழுத்துப் போட்டிருந்தால் தப்பித்திருப்பாள். வேகமாக வேலை செய்யாத அதிகாரியைத் திட்டியிருக்கிறேன். அவர் நிதானமாக வேலை பார்த்ததால் ஒருவர் வாழ்க்கை இப்படித் திரும்பும் என்று நினைத்ததில்லை. அவள் நர்சிங் இரண்டாம் ஆண்டு. அறைக் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறாள்.

2018 ஜனவரி 14

திட்டத்தை முடிப்பதற்குக் கலிஃபோர்னியாவில் நீதிபதி ஆல்சப் தடை போட்டார். நேற்றிலிருந்து புதுப்பித்தல் மறுபடி வாங்குகிறார்கள். இன்று ஞாயிற்றுக்கிழமை. தபால் நிலையம் இல்லை என்று தெரிந்தும் தங்கை கவரை ஒட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இப்போது 495 டாலர்.

புது விண்ணப்பம் வாங்கவில்லை, புதுப்பித்தல் மட்டும்தான். அக்கா, சின்னவனுக்கு இன்னும் 12தான், கவலைப்படாதீர்கள்.

2020 ஜூன் 18

உச்ச நீதிமன்றத்தில் 5-4. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் நம் பக்கம்! திட்டத்தை முடிக்கலாம், முடித்த முறைதான் சரியில்லை என்கிறது தீர்ப்பு. பெரிய வாய்தா.

2020 ஆகஸ்ட் 3

புது உத்தரவு: இனி ஒரு வருடம் ஒரு வருடமாகத்தான், புதியவர்களுக்குக் கிடையாது. கட்டணம் மட்டும் அதே 495. அம்மாவின் கணக்கு: "வாய்தாவுக்கு வாய்தா ஃபீஸ் ஏறுறது உங்க தாத்தா வக்கீல்கிட்டயும் அப்படித்தான்."

2020 டிசம்பர் 9

அதுவும் நீதிமன்றத்தில் விழுந்தது. மறுபடி இரண்டு வருடம், புது விண்ணப்பமும் உண்டு. அக்காவின் சின்னவனுக்கு அக்டோபரில் 15 ஆயிற்று. கண்மூடித் திறப்பதற்குள் என்று நான் சொன்ன எட்டு வருடம்! நானே உட்கார்ந்து அவனுக்குப் படிவம் நிரப்பித் தருகிறேன் என்றிருக்கிறேன். கட்டணத்தை மட்டும் மூன்று பேர் சரிபார்ப்போம்.

2021 ஜூலை 18

நேற்று முன்தினம் டெக்சாஸ் நீதிபதி ஹேனன், டாக்கா திட்டமே சட்டவிரோதம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் புதுப்பிக்கலாம். புதிதாகப் போட்டவர்களுக்கு எதுவும் வழங்கக் கூடாது. சின்னவனுக்குப் பயோமெட்ரிக்ஸ் 27-ஆம் தேதி. ரத்து.

அவனும் அண்ணனும் ஒரே விமானத்தில் வந்தவர்கள். அண்ணன் இப்போது மெக்கானிக்கல் இன்ஜினியர்.

2022 நவம்பர் 5

ஊருக்குப் போய் வந்தேன். வெளிநாடு போய்த் திரும்புவதற்கு முன்கூட்டியே வாங்கும் அனுமதியான அட்வான்ஸ் பரோல், படிவம் ஐ-131, 575 டாலர். 'எக்காரணம் கொண்டும் வெளியே போகாதீர்கள்' என்று பலருக்கும் சொல்லி வந்திருக்கிறேன். அனுமதி இல்லாமல் போனால் அது இன்றும் சரிதான், டாக்கா அன்றோடு முடிந்தது. அதோடு 18 வயதுக்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் அந்தஸ்து இல்லாமல் இருந்துவிட்டு வெளியேறினால் பத்து வருடத் தடை. ஆனால் அட்வான்ஸ் பரோலில் போவது அந்தத் தடைக்கான 'வெளியேற்றம்' ஆகாது என்று 2012-இல் குடிவரவு முறையீட்டு வாரியம் முடிவு சொல்லியிருக்கிறது. அது ஓர் இந்தியத் தம்பதியின் வழக்கு. அதைக் காட்டித்தான் வழக்கறிஞர் எனக்குத் தைரியம் சொன்னார்.

மனிதாபிமானம், படிப்பு, வேலை, இந்த மூன்றில் ஒரு காரணம் வேண்டும். சுற்றுலா ஆகாது. எனக்குப் பாட்டி. கும்பகோணம் டாக்டர் லெட்டர்பேடில் ஒரே வரி எழுதினார்: 'பேரன் வந்தால் நல்லது.' என்ன நோய், எத்தனை நாளாக, இப்போது எந்த நிலை என்று கொஞ்சம் விரிவாக வேண்டும் டாக்டர் என்று வாட்ஸ்அப்பில் கெஞ்சினேன். "பாட்டியைப் பார்க்கப் பேரனுக்கு இவ்வளவு எழுதணுமாப்பா?" என்றவர் முழுப் பக்கம் எழுதினார்.

23 வருடம். திண்ணையை இடித்துவிட்டு கிரில் கேட் போட்டிருக்கிறார்கள். பாட்டிக்கு என்னைப் புரிய ஒரு நிமிடம் ஆனது. பிறகு கேட்டதெல்லாம் "எத்தனை நாள் லீவு?"

திரும்பும்போது நியூவார்க் விமான நிலையத்தில் இரண்டாம் கட்ட விசாரணை அறை. இரண்டு மணி நேரம். பரோல் தாளை நாலு பிரதி வைத்திருந்தேன், ஒன்றைத்தான் கேட்டார்கள். பையில் இருந்த டிகிரி காபிப் பொடியை ஒருவர் முகர்ந்து பார்த்தார்.

2023 செப்டம்பர் 17

13-ஆம் தேதி ஹேனன் மறுபடி. போன வருடம் டாக்காவை முறைப்படி அரசு விதியாகவே எழுதினார்கள், அதுவும் செல்லாதாம். புதுப்பிப்பவர்களுக்கு மாற்றம் இல்லை.

வேறு ஒன்று. அப்பாவின் பழைய நண்பர் வந்திருந்தார். அவர் வேலை போகவில்லை, எச்-1பியை ஒழுங்காக நீட்டி நீட்டி, கிரீன் கார்டு வரிசையில் இன்னும் நிற்கிறார். பெண்ணுக்கு அடுத்த மாதம் 21, எச்-4 முடிகிறது. எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற அலைகிறார்கள், மாறினாலும் வெளிநாட்டு மாணவர் கட்டணம். டாக்கா கேட்க முடியாது, ஏனென்றால் 2012 ஜூன் 15 அன்று அவளுக்கு அந்தஸ்து இருந்தது! "நான் எல்லாம் சரியாகச் செய்ததுதான் தப்பா?" என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பல வருடமாக இவரைப் பார்த்துத்தான் அப்பா பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

2024 ஏப்ரல் 4

கட்டணம் ஏறிவிட்டது. ஆன்லைனில் புதுப்பித்தால் 555, காகிதத்தில் 605.

2025 பிப்ரவரி 9

ஜனவரி 17-இல் ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. தடையை டெக்சாஸோடு சுருக்கியிருக்கிறார்கள். நாடு கடத்தலை ஒத்திவைப்பது வேறு, வேலை அனுமதி வேறு என்று பிரித்துவிட்டார்கள்; டெக்சாஸில் வேலை அனுமதி போய்விடலாம். இருப்பவர்களுக்கு இப்போதைக்குப் பழையபடி. ஹூஸ்டனில் இருக்கும் நண்பன் வீட்டைக் காலி செய்துகொண்டு வேறு மாநிலம் போகலாமா என்று தினமும் போன் செய்கிறான். பொறுடா என்கிறேன், எதை வைத்துச் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

2025 பிப்ரவரி 11

அக்கா எழுதியிருக்கிறார்: "தம்பி, பயப்பட ஒன்றும் இல்லை என்று அன்றைக்குச் சொன்னாயே."

சொன்னேன். 21 வயதில் சொன்னேன். அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் அக்கா. அன்று அந்தக் கேள்வி-பதில் பக்கத்தை நானும் படித்தேன். விண்ணப்பத்தில் உள்ள விவரத்தை, ஆளைப் பிடித்து நாடு கடத்துகிற துறைக்குக் கொடுக்க மாட்டோம் என்ற வரியை அடிக்கோடிட்டேன். இந்தக் கொள்கையை முன்னறிவிப்பின்றி எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்ற வரி அதற்குக் கீழேயே இருந்தது. அதற்கு நான் கோடு போடவில்லை.

பெரியவனுக்கு என் பதில் மாறவில்லை. அவன் விவரம் முழுக்க அவர்களிடம் இருக்கிறது. புதுப்பிக்காமல் விட்டால் முகவரி அங்கேயே இருக்கும், வாய்தா மட்டும் போய்விடும். சின்னவன் வயதில் இன்று புதிதாகப் போடலாமா என்று கேட்கிறவர்களுக்குத்தான் பதில் வேறு. வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், முடிவு செய்வதில்லை. கைமாறாக ஒன்றும் தராதவரிடம் எதற்கு முகவரி? உங்கள் வீட்டுக்காரர் 2012-இல் வேண்டாம் என்றாரே, அன்று அவர் சொன்னது தப்பு. இன்றைக்கு அது சரியாகிவிட்டது. அவரிடம் சொல்லுங்கள். சின்னவனுக்காகப் படிவம் நிரப்பியவன் நான் என்பதும் நினைவிருக்கிறது.

2025 பிப்ரவரி 16

என் அட்டை ஜூன் 30-இல் முடிகிறது, 150 நாள் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. இன்று உட்கார்ந்து போட்டுவிட்டேன். ஏழாவது. பிற பெயர்கள் என்ற இடத்தில் ஃப்னூ. ரசீதை அச்செடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். சிவப்புப் பெட்டியின் இரண்டாவது பூட்டும் உடைந்து இப்போது புடவை நாடா போட்டுக் கட்டியிருக்கிறாள். கண்ணாடியை மூக்கில் இறக்கி, தொகையைத்தான் முதலில் படித்தாள்.

555. இதில் இலக்கம் இடம் மாற வழியில்லை.